டொக்கு மச்சானும் சிறு முன்னேற்ற வாரியமும்

டைல்ஸ்காரர் செய்த முதல் தப்பு, வேலையை ஒழுங்காகச் செய்தது. அது தப்பு என்று அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக வீடு வீடாகத் தரை போட்டுக்கொண்டிருந்த மனிதர். கூட இரண்டு கொத்தனார்கள், கலவை போட ஒரு பெண், அப்புறம் மச்சான். இந்த ஐந்து பேரும் ஒரு பழைய மூன்று சக்கர வண்டியும்தான் அவருடைய நிறுவனம். நிறுவனம் என்று அவர் சொல்லவும் மாட்டார். "நம்ம ஆளுங்க" என்பார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அக்கம்பக்கத்தில் அவருக்கு டொக்கு என்று பெயர். டைல்ஸ் ஒட்டி ஒரு நாள் காய்ந்தபிறகு, இடுக்குகளை அடைப்பதற்கு முன்னால், மடித்த சாக்கை முழங்காலுக்கு அடியில் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டைல்ஸையும் ஒரு மரக்கரண்டியின் காம்பால் தட்டிப் பார்ப்பார். நான்கு மூலைக்கு நான்கு தட்டு, நடுவில் ஒன்று. அடியில் கலவை முழுதாகப் பிடித்திருந்தால் ஒரு சத்தம். எங்கேயாவது கலவை சேராமல் காற்று நின்றிருந்தால் 'டொக்கு' என்று வேறொரு சத்தம். அந்த இரண்டாவது சத்தம் கேட்டால் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்ததைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவார்கள். அப்படியே விட்டாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பீரோவை நகர்த்தும்போது நடுவில் விரிசல் விடும், அல்லது ஓரம் தூக்கிக்கொண்டு காலைத் தட்டிவிடும்.

அந்த இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் டைல்ஸ்காரருக்கே சரியாகப் பிடிபட்டதில்லை. மச்சான் முன்பு பஸ் கம்பெனி ஒன்றில் டயரைத் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவர். தட்டித் தட்டியே காது பழகியவர். தங்கை கேட்டாள் என்பதற்காக அந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, அவள் சமையலறையிலிருந்து எடுத்த கரண்டியும் கையுமாக இங்கே வந்து சேர்ந்தார்.

"எங்க அண்ணன் உங்களை நம்பி வந்திருக்காரு" என்று மனைவி அன்றைக்கே சொல்லியிருந்தாள். "அவரு முகம் சுருங்கற மாதிரி எதுவும் நடக்கக் கூடாது. வேற ஒண்ணும் நான் உங்ககிட்ட கேக்கல."

"இதெல்லாம் நீ சொல்லணுமா" என்றார் டைல்ஸ்காரர். சொல்ல வேண்டியிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எல்லாம் ஒரு பல் டாக்டரம்மாவால் ஆரம்பித்தது. அந்த அம்மாள் புதிதாக ஒரு மருத்துவமனை கட்டினார். டைல்ஸ்காரரின் வேலையை ஒரு வீட்டில் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். வந்து நின்ற மச்சானின் கரண்டியைப் பார்த்ததும் அவருக்கு ஏக சந்தோஷம். "நாங்களும் இப்படித்தான், பல்லைத் தட்டித்தான் பாப்போம்" என்றார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டைத் தவிர வேறு எந்தக் கட்டடத்தில் வேலை எடுப்பதானாலும் சிறு முன்னேற்ற வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது.

ஒப்பந்தக்காரர்கள் ஒரேயடியாகப் பெரிதாக ஆசைப்பட்டுக் கெட்டுப்போகாமல், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற வேண்டும் என்பது வாரியத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். நானும் அதை மறுக்கவில்லை. வாசலில் ஆளுயர எழுத்தில் 'நேற்றைவிட ஒரு துளி' என்று எழுதியிருந்தது. பதிவு செய்யும் இடம் ஐந்தாவது மாடி. லிப்டின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: 'லிப்ட் பழுதாக இருந்த நாட்கள்: போன மாதம் முப்பது. இந்த மாதம் இருபத்தொன்பது.' அந்த ஒரு நாள் எது என்று கீழே உட்கார்ந்திருந்த காவலாளியிடம் டைல்ஸ்காரர் விசாரித்தார். "அன்னிக்கு லீவுங்க" என்றார் காவலாளி.

ஐந்தாவது மாடியில் ஆய்வாளர் இருந்தார். மெலிந்த மனிதர், மரியாதை தெரிந்தவர், பேனாவை மூடாமல் கீழே வைக்காதவர். இந்தக் கதையில் கெட்டவன் யாராவது வருவான் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்படி ஒருவனை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வாரியத்தில் கவனக்குறைவு கிடையாது.

"உங்க குறை எவ்வளவு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"எந்தக் குறைங்க?"

"மாசத்துக்கு எத்தனை குறை கண்டுபிடிக்கிறீங்க? அதை வச்சுத்தான் முன்னேற்றத்தை அளக்கணும்."

டைல்ஸ்காரர் வெள்ளை மனதோடு மச்சானின் நோட்டைத் திறந்து காட்டினார். போன மாதம் ஒட்டியது தொள்ளாயிரம் டைல்ஸ். வட்டம் விழுந்தது நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றையும் பெயர்த்து மறுபடி ஒட்டியாயிற்று.

ஆய்வாளர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "நாப்பத்தொண்ணா? நேத்துப் பதிவு பண்ணின ஒருத்தர் சுழி போட்டிருக்காரே."

"அவரு தட்டிப் பாத்தாருங்களா?"

ஆய்வாளர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

இப்படியாக, குறையே பார்க்காதவர் குறையில்லாதவராகவும், தேடிப் பிடித்துத் திருத்துகிறவர் நாற்பத்தொரு குறைக்காரராகவும் பதிவானார்கள். டைல்ஸ்காரருக்குக் கொடுத்தது சிவப்பு அட்டை. மாதாமாதம் முன்னேறிக் குறை எட்டுக்குக் கீழே வந்தால் மஞ்சள், சுழியானால் பச்சை. சிவப்பு அட்டைக்கு ஒரே ஒரு கட்டடம்தான் எடுக்கலாம். அது பல் டாக்டரம்மாவின் மருத்துவமனை.

அடுத்த நான்கு மாதமும் டைல்ஸ்காரர் வாரியத்தை மனதார வாழ்த்தினார் என்பதை மறைக்கக் கூடாது. நாற்பத்தொன்றைக் குறைக்க வேண்டுமே என்று ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மணலை இரண்டு தடவை சலித்தார்கள். அடுத்த மாதம் முப்பத்துநான்கு. கலவையைத் தரையில் மட்டும் பரப்பாமல் டைல்ஸின் முதுகிலும் தடவினார்கள். இருபத்தாறு. கலவை போடும் பெண், தண்ணீரைக் குத்துமதிப்பாக ஊற்றுவதை விட்டுவிட்டு ஒரு டப்பாவில் அளந்து ஊற்றினாள். பதினேழு. மச்சானே ஒரு யோசனை சொன்னார்: வெயில் ஏறியபிறகு ஜன்னலோரம் ஒட்ட வேண்டாம், கலவை சீக்கிரம் இறுகிவிடுகிறது. ஒன்பது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நோட்டை மூடிவிட்டு ஐந்து பேரும் டீ குடித்தார்கள். தொழிலில் அவ்வளவு சந்தோஷமாக டைல்ஸ்காரர் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அதற்கு அடுத்த மாதமும் ஒன்பது. அதற்கும் அடுத்த மாதம் மழை, பதினொன்று.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்களிடம் பின்னேற்றம் காணப்படுவதால் மூன்று நாள் பயிற்சிக்கு வரவும்.'

பயிற்சிக் கூடத்தில் இருபது ஒப்பந்தக்காரர்கள் பள்ளிக்கூட பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் முழுவதும் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குச் சிந்தாமல் கொண்டுபோகப் பழக்கினார்கள். எட்டு அடி வைத்தவர்கள் ஏழு அடி, ஏழு வைத்தவர்கள் ஆறு. சாயங்காலத்துக்குள் இரண்டு மேஜையையும் ஒட்டிப் போட்டுவிட்டார்கள். யாரும் சிந்தவில்லை. எல்லோருக்கும் கைதட்டினார்கள். கடைசிவரை அந்தத் தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கதவு செய்கிறவர். கவலையோடு இருந்தார். "நான் கதவுக்கு மூணு கீல் போட்டுக்கிட்டு இருந்தேங்க. செலவைக் குறைச்சா முன்னேற்றம்னாங்க. ரெண்டாக்கினேன். போன மாசம் ஒண்ணு. இந்த மாசம் என்ன பண்றதுன்னு தெரியல."

"சாத்தி வச்சுட வேண்டியதுதான்" என்றார் முன் பெஞ்சில் இருந்த பெயின்டர். அவர் சிரிக்காமல் சொன்னார். அவருடைய வெள்ளை இப்போது சுவரின் பழைய கறையை மறைப்பதில்லை என்றும், கறையை ஓர் அலங்கார வடிவம் என்று எழுதிக்கொடுத்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டதாகவும் சொன்னார்.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் கடைசியாக ஒரு சந்தேகம் தீர்த்தார். டைல்ஸ்காரர்தான் எழுந்து கேட்டது. "ஐயா, கையால செய்யற வேலை. ஒம்பதுக்குக் கீழ உண்மையாவே போகல. நான் எங்கே தப்புப் பண்றேன்?"

"நீங்க ஆரம்பத்துலயே தப்புப் பண்ணிட்டீங்க" என்றார் பயிற்சியாளர் கனிவாக. "நல்லா வேலை செஞ்சுக்கிட்டு வந்துட்டீங்க. நல்லா செய்யறவங்களை நாங்க எங்கே கொண்டு போறது? மோசமா ஆரம்பிச்சவங்களைப் பாருங்க, பத்து வருஷத்துக்கு முன்னேற இடம் வச்சிருக்காங்க."

டைல்ஸ்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே ஆய்வாளர் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். மச்சான் ஒரு கூடத்தில் தட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் அரைமணி நேரம் நின்று பார்த்தார். பிறகு டைல்ஸ்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அஞ்சு இடம் தட்டுறாரு."

"ஆமாங்க. நாலு மூலை, ஒரு நடு."

"நாலு இடம் தட்டினா என்ன? சின்ன மாற்றம்தானே. நேரம் மிச்சம். குறையும் கொஞ்சம் குறையும். ரெண்டு கட்டத்துலயும் முன்னேற்றம்னு நான் எழுதிடுவேன். இல்லேன்னா அட்டையை வாங்கிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. எனக்கும் உங்க மேல பிரியம் இருக்குங்க."

பிரியம் இருந்தது உண்மைதான். குரலில் தெரிந்தது.

டைல்ஸ்காரர் மச்சானிடம் போய்ச் சொன்னார். மச்சான் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை. அப்புறம் கேட்டார்: "எந்த மூலையை விடறது, மாப்ளே?"

"சுவரோரமா இருக்கற மூலையை விட்டுடுங்க மச்சான். அங்க யாரும் மிதிக்க மாட்டாங்க."

"எல்லா டைல்ஸும் சுவரோரமா இருக்காதே."

"அப்ப உங்களுக்கு எது தோணுதோ அது."

அந்த மாதம் குறை ஏழு. மஞ்சள் அட்டை வந்தது. மூன்று கட்டடங்கள் எடுக்கலாம், எடுத்தார்கள். அடுத்த மாதம் மூன்று தட்டு. குறை ஐந்து. அதற்கு அடுத்த மாதம் இரண்டு தட்டு. நான்கு புதுக் கொத்தனார்கள் வந்தார்கள். வண்டி இரண்டானது. அந்தச் சமயத்தில் பல் டாக்டரம்மா இரண்டாவது மருத்துவமனை கட்டி அதையும் இவர்களிடமே கொடுத்தார். அதற்கு மச்சான் டைல்ஸுக்கு ஒரு தட்டுதான் தட்டினார், நடுவில் மட்டும். நடுவில் பெரும்பாலும் நல்ல சத்தம்தான் வரும். காற்று நிற்பது மூலையில். மச்சானுக்கு அது தெரியும். டைல்ஸ்காரருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. குறை ஒன்று. அதன்பிறகு ஓர் அறைக்கு ஒரு டைல்ஸ் தட்டினால் போதும் என்று ஆயிற்று. குறை சுழி.

பச்சை அட்டை வந்த அன்று டைல்ஸ்காரர் அலுவலகம் திறந்தார். கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி, சுவரில் ஏறுமுகமாக ஒரு கோடு போட்ட படம். ஆட்கள் முப்பது பேர். மச்சானுக்கு ஒரு மேஜையும், மேஜைமேல் 'குறை கண்டறியும் பிரிவு' என்ற பலகையும் போட்டார். மரியாதையாகத்தான் செய்தார். மச்சான் தினமும் காலையில் வந்து, கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். சில நேரம் மேஜையைத் தட்டிப் பார்ப்பார். அது நல்ல மேஜை.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. அந்த மூன்று மாதமும் படிவத்தில் எழுத ஏதாவது கிடைத்தது. டீ இடைவேளை ஐந்து நிமிஷம் குறைந்தது. மணல் சலிப்பது இரண்டு தடவையிலிருந்து ஒன்றாகி, பிறகு சல்லடையே விற்பனையாயிற்று. டப்பாவில் தண்ணீர் அளந்த பெண், அளப்பதற்கு நேரம் எடுக்கிறாள் என்று சொன்னதால் தானாகவே நின்றுவிட்டாள். நான்காவது மாதம் ஆய்வாளர் அலுவலகத்துக்கு வந்தார். எழுத ஒன்றுமில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பலகையில் நின்றது.

"மூணு மாசமா ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கலியே இவரு" என்றார் தாழ்ந்த குரலில். மச்சான் அப்போது டீ குடிக்க வெளியே போயிருந்தார்.

"குறை இல்லைங்க. அதான் கண்டுபிடிக்கல."

"அதைத்தான் நானும் சொல்றேன். குறை இல்லாத இடத்துல குறை கண்டுபிடிக்க எதுக்கு ஆள்? இந்த மாசத்துக்கு இது போதும். நான் வற்புறுத்தலங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

டைல்ஸ்காரர் இரண்டு நாள் யோசித்தார். யோசித்தார் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். அட்டை போனால் எடுத்திருக்கும் பள்ளிக்கூட வேலை போகும். முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் முப்பது பேர், ஒரு பக்கம் ஒருவர் என்று பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது. அது சரியாக வந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் படிவத்தில் 'இந்த மாதம் நீக்கியது' என்ற கட்டத்தில் 'கரண்டி ஒன்று, ஆள் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மச்சானிடம் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மச்சானே பேசினார்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், மாப்ளே. அஞ்சு நாலாச்சு. நாலு மூணாச்சு. எனக்கும் எண்ணத் தெரியும் இல்லையா."

"சம்பளம் மாசாமாசம் வீட்டுக்கு வந்துடும், மச்சான்."

"எதுக்கு? அது வேணாம். கரண்டி தங்கச்சி வீட்டுது. அவகிட்ட குடுத்துடுங்க."

மேஜையில் இருந்த பலகையை அவரே குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

டைல்ஸ்காரர் கரண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். காம்பின் நுனி தட்டித் தட்டிப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி மற்றக் கரண்டிகளோடு வைத்தாள். அவள் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், "உப்பு சரியா இருக்கா" என்று கேட்டாள். உப்பு சரியாக இருந்தது.

அதன்பிறகு வந்த மாதங்களில் தொழில் இன்னும் வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்று கேட்டால், பழைய வாடிக்கையாளர்களே திரும்ப வந்தார்கள். ஒருவர் வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் தூக்கிக்கொண்டது. ஒரு கடையில் வரிசையாக ஆறு டைல்ஸ் பிளந்துவிட்டது. இதையெல்லாம் புகார் என்று எழுதுவதா என்று டைல்ஸ்காரர் ஆய்வாளரிடம் கேட்டார். "புகாரா? பழைய தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போடறீங்க. அது புது வேலை இல்லையா?" என்றார் ஆய்வாளர். அப்படி எழுதியதில் வருஷத்துக்கு நூறு வேலை நூற்று நாற்பதாயிற்று. சுவரில் இருந்த கோட்டுக்கு மேலே இடம் போதாமல், படத்தின் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது.

பல் டாக்டரம்மா போனில் பேசினார். இரண்டாவது மருத்துவமனையில், நோயாளி சாய்கிற நாற்காலிக்கு அடியில் தரை விரிந்துவிட்டதாம். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது நாற்காலி ஆடுகிறதாம். "முதல் இடத்துல ஒண்ணும் ஆகலியே" என்றார் அந்த அம்மாள். "அங்க ஒருத்தர் கரண்டி வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தாரே. அவர் இப்ப இல்லையா?"

"இருக்காருங்க" என்றார் டைல்ஸ்காரர். எங்கே என்று அந்த அம்மாள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

வருஷக் கடைசியில் வாரியம் அவருக்குக் கேடயம் அறிவித்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மனைவி ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு அண்ணன் வீட்டுல வேலை இருக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

வாரியத்தின் கீழ்த்தளத்தில் மேடை போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கதவு செய்கிறவரும் வந்திருந்தார், அவருக்கும் கேடயம். இப்போது கதவே போடுவதில்லையாம், திறந்த வாசல் என்று எழுதிக்கொடுக்கிறாராம். சந்தோஷமாக இருக்கிறதா என்று டைல்ஸ்காரர் கேட்டதற்கு, அவர் கேடயம் வாங்கும் வரிசை எங்கே என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாரியத் தலைவர் பேசினார். பெரிய குரல், நல்ல தமிழ், கையில் தாள் இல்லை.

"இந்த வாரியத்தை ஆரம்பிச்சப்போ எங்ககிட்ட ஒரே ஒரு அறை. அந்த அறையில ஒரு ஜன்னல். மக்கள் அங்கே வந்து புகார் குடுப்பாங்க. வருஷத்துக்கு ரெண்டாயிரம் புகார். நாங்க சோர்ந்து போகல. பெரிய திட்டம் எதுவும் போடல. வாரம் ஆறு நாள் திறந்திருந்த ஜன்னலை அஞ்சு நாளாக்கினோம். புகார் குறைஞ்சது. நாலாக்கினோம். இன்னும் குறைஞ்சது. அப்புறம் அரை நாள். அப்புறம் அரை ஜன்னல். இன்னிக்கு இந்த ஏழு மாடியில எங்கே தேடினாலும் உங்களுக்கு ஒரு புகார்கூடக் கிடைக்காது. அந்த ஜன்னல் இருந்த இடத்துலதான் இப்போ இந்த மேடை நிக்குது. எங்களைக் கேக்கறாங்க, உங்க தரம் என்னன்னு. நாங்க தரத்தை அளக்கறதில்லைன்னு பெருமையாச் சொல்றோம். தரத்தை அளந்தா அங்கேயே நின்னுடுவோம்."

கைதட்டல் அடங்கியதும் டைல்ஸ்காரரைக் கை நீட்டிக் காட்டினார்.

"இவரைப் பாருங்க. நாப்பத்தொரு குறையோட நம்மகிட்ட வந்தாரு. இன்னிக்கு ஒண்ணுமில்லை. சிலர் மணலைக் குறைப்பாங்க, சிலர் நேரத்தைக் குறைப்பாங்க. இவரு சொந்த மச்சானையே குறைச்சாரு. குடும்பத்துக்குள்ள போய் முன்னேறினவர் இந்த வாரிய வரலாற்றுலயே இவர் ஒருத்தர்தான்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டைல்ஸ்காரர் கேடயத்தை வாங்கினார். படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். உதட்டை அசைத்தார். அப்போதுதான் மச்சானைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் நிற்க முடியவில்லை. மேடையிலிருந்து இறங்கி, விருந்துக்குக்கூட நிற்காமல், நேரே மச்சான் வீட்டுக்குப் போனார்.

மச்சான் வீட்டு முன்பக்கம் மணல் குவித்திருந்தது. உள்ளே கீழ்த்தளத்தில் புதிதாக ஓர் அறையும் குளியலறையும். நடுத்தர வயதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஒட்டினான். நேற்று ஒட்டிய பக்கத்தில் அவள் உட்கார்ந்து, ஒரு சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டிருந்தாள். நான்கு மூலை, நடுவில் ஒன்று. மச்சான் வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கையின் புருஷன் வந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"என்ன மச்சான் இது? வீட்டுல தரை போடறீங்க. என்னைக் கூப்பிடல."

"சின்ன வேலை, மாப்ளே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சின்ன வேலையா? எனக்கு முப்பது ஆள் இருக்கு. ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். யாரு இவங்க? அட்டை இருக்கா இவங்களுக்கு?"

"இல்லை" என்றார் மச்சான். கொஞ்சம் தயங்கிவிட்டு, கேட்டவர் நொந்துபோகாதபடி மெதுவாகச் சொன்னார். "வீட்டுக்காரி போன மாசம் படியில விழுந்துட்டா. இடுப்பு எலும்பு. மாடி ஏற முடியாது. இப்பத்தான் கம்பு ஊணி நடக்கப் பழகறா. ஒரு டைல்ஸ் ஓரம் தூக்கினாலும் போச்சு. அதனால உங்களைக் கூப்பிடல."

டைல்ஸ்காரர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சானின் மனைவி விழுந்தது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"மச்சான், நாளைக்கே வந்துடுங்க. எல்லா டைல்ஸும் அஞ்சு தட்டு. பழையபடி. நான் தப்புப் பண்ணிட்டேன்."

"தட்டினா குறை தெரியும், மாப்ளே. இப்ப இருக்கற வேலைக்கு நூத்துக்கணக்குல தெரியும். படிவத்துல ஏத்தணும். அட்டை போயிடும். அந்த முப்பது பேரை என்ன பண்ணுவீங்க?"

பதில் சொல்ல டைல்ஸ்காரர் வாயைத் திறந்தார். முப்பது பேரின் முகமும் வரிசையாக வந்தது. பள்ளிக்கூட வேலையின் மூன்றாம் மாடி பாதியில் நின்றது. பரவாயில்லை, போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்காக மச்சான் உண்மையிலேயே காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வார்த்தை வரவில்லை. மச்சான் "டீ சொல்றேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

உள்ளேயிருந்து டைல்ஸ்காரரின் மனைவி வந்தாள். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள், கையெல்லாம் ஈரம். கேடயத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள்.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம்" என்றார் அவர்.

"அண்ணியால தனியா எழுந்திருக்க முடியல. நான் ஒரு வாரம் இருந்துட்டு வரேன்."

"ஒரு வாரமா?"

"முதல்ல ஒரு வாரம். அப்புறம் பாக்கலாம்."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது எப்படி ஆரம்பிக்கும் என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் எதுவும் இல்லை.

"மாத்துத் துணி எடுத்துட்டு வந்து தரட்டுமா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.